சத்தம் போடாத பிள்ளைகள்

நீச்சல் குளத்தில் ஏழு குழந்தைகள் இருந்தார்கள். சத்தம் மட்டும் இல்லை.

எட்டு மணி நேரம் காரில் மடங்கிக் கிடந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு இறங்கிய நடீன் டாக்கெட் முதலில் கவனித்தது அதைத்தான். குழந்தைகள் குளத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். மூத்தவளுக்குப் பத்து வயது இருக்கலாம். கடைசியில் இருந்தது மூன்றைத் தாண்டியிருக்காது. யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, தண்ணீரை வாரி அடிக்கவில்லை. பிற்பகல் வெயிலில் குளம் கண்ணாடித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. குளோரின் நெடியும் வெயிலுக்குப் பூசும் களிம்பின் தேங்காய் வாசனையும் காற்றில் கலந்திருந்தன. கொடிக்கம்பத்தில் ஏதோ ஒரு கயிறு விட்டுவிட்டு மோதிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கடல்.

"பாத்தியா?" என்றாள் கணவனிடம். அவள் குரலில் ஜெயித்த பெருமை இருந்தது.

வெண்டெல் காரின் டிக்கியைத் திறந்தபடி எட்டிப் பார்த்தான். "பிள்ளைங்கதானா, இல்ல அழகுக்கு வச்ச பொம்மைங்களா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. போன மார்ச் விடுமுறைக்கு இடம் பார்த்தது வெண்டெல். கல்லூரிப் பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வந்து குவிகிற கடற்கரை. பதினோராவது மாடியில் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் விடிய விடியப் பாட்டு. மூன்றாம் நாள் காலையில் மணலில் ஓடிய கோராவின் பாதத்தில் உடைந்த பீர் பாட்டில் ஏறியது. நான்கு வயதுக் குழந்தைக்கு ஐந்து தையல்.  அடுத்த வருஷம் நான்தான் இடம் பார்ப்பேன் என்றாள் நடீன், ஊருக்குத் திரும்பும் வழியில்.

ஜனவரியிலிருந்தே தேடினாள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஒரு தொலைபேசி அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, நாட்டின் தெற்கே இருக்கும் வளைகுடாக் கரை முழுவதையும் கணினித் திரையில் அலசினாள். குடும்பங்களுக்கு மட்டும், இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனியாக இடம் கிடையாது, பாட்டு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் இடங்களாகப் பொறுக்கி எடுத்ததில் கடைசியில் இது ஒன்று நின்றது: ஒல்லியான ஒரு நிலத்துண்டின் நுனியில், மரக்கால்கள் மேல் நிற்கும் ஒன்பது சிறிய வீடுகள், நடுவில் ஒரு குளம், எதிரில் கடல். போன் செய்தபோது எடுத்தவள் தன் பெயர் ஓப்பல் என்றாள். குழந்தைகள் உண்டா, எத்தனை, என்ன வயது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "இங்க வர்ற பிள்ளைங்க சத்தமே போடாதுங்க, மேடம். அதுக்கு நான் பொறுப்பு," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நடீன் அன்றைக்கே பதிவு செய்தாள்.

சாவி வாங்கப் போனபோது மிஸ் ஓப்பலை நேரில் பார்த்தாள். ஐம்பது வயதுக்காரி, பருத்த உடம்பு, மிருதுவான குரல், பேசும்போதெல்லாம் மிட்டாயின் புதினா வாசனை. குழந்தைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாளியும் சிவப்பு பிளாஸ்டிக் மண்வாரியும் ஒரு சின்னத் துண்டும் கொடுத்தாள். ஒன்பது வயது மேசி நன்றி சொன்னாள். கோரா வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காரில் எட்டு மணி நேரமும் பாடி எல்லோரையும் படுத்திய அதே நாய்க்குட்டிப் பாட்டை மறுபடி தொடங்கினாள். குளத்தங்கரையில் ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

ஞாயிற்றுக்கிழமை நடீனுக்கு நல்ல நாளாகவே கழிந்தது. மார்ச் மாதத்துக் கடல் குளிர்ந்து கிடந்ததால் யாரும் உள்ளே இறங்கவில்லை. சர்க்கரை மாதிரி வெளுத்த மணல் நடக்க நடக்கக் காலடியில் கிறீச் கிறீச் என்றது. நீலக் குடைகளின் கீழே பெரியவர்கள் இருபது பேருக்குக் குறையாமல் சாய்ந்து கிடந்தார்கள். குழந்தைகள் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் வந்து தொட்டுப் போகும் ஈர மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடீன் கொண்டுவந்த நாவலில் நான்கு அத்தியாயம் படித்தாள். நடுவில் யாரும் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. அப்படி ஒரு மணி நேரம் அவளுக்கு அமைந்து ஒன்பது வருஷம் இருக்கும்.

வெண்டெலுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவன் பேசாமல் இருக்கத் தெரியாதவன். மளிகைக் கடை வரிசையில் நின்றால்கூட முன்னால் நிற்பவரின் மூட்டுவலி வரை விசாரித்துவிடுவான். நல்லவேளையாக, பக்கத்து வீட்டில் கார்லண்ட் என்று ஒரு ஆள் இருந்தார். இந்தியானாவிலிருந்து வந்தவர். விவாகரத்து ஆனவர், இந்த வாரம் மகள் ஆட்ரி அவரோடு. மாலையில் வெண்டெலும் அவரும் இறால் சுட்டுக்கொண்டே சிரித்த சிரிப்புதான் அந்த இடத்தில் நடீன் கேட்ட ஒரே சிரிப்பு. ஆட்ரி வாயாடிப் பெண்ணாம். இந்தியானாவிலிருந்து இங்கே வந்து சேரும்வரை அவள் வாய் மூடவேயில்லையாம். "வந்து ரெண்டு நாள்ல அடங்கிட்டா," என்று கார்லண்ட் இடுக்கியால் இறாலைப் புரட்டினார். "பள்ளிக்கூடத்தால முடியல, என்னால முடியல, அவங்க அம்மாவாலயும் முடியல. இந்தக் கடல் காத்து அடக்கிருச்சு." ஆட்ரி படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறால் வேகிறதா என்று அடுப்பைப் பார்க்கிற பார்வை.

திங்கட்கிழமை மேசியும் கோராவும் தோண்டப் போனார்கள். ஆட்ரி வந்து வாசலில் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. இவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். நடீன் குடைக்கடியிலிருந்து பார்த்தாள். குழந்தைகள் தோண்டுகிற விதம் அழகாக இருந்தது. ஒருவர் வாரி எடுக்க, அடுத்தவர் வாங்கிக் கொட்ட, கடைசிக் குழந்தை மண்வாரியின் முதுகால் தட்டிக் கெட்டிப்படுத்த, ஒரே சீராக வேலை நடந்தது. தப். தப். தப். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது கோராவின் நகக்கண்களில் ஈர மணல் அப்பியிருந்தது. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. குழந்தை அழவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சோப்பு நுரை கண்ணில் இறங்கியபோதும் சும்மா நின்றாள். நாய்க்குட்டிப் பாட்டுப் பாடேன் என்றாள் நடீன். கோரா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாட்டு எது என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

செவ்வாய்க்கிழமை கார்லண்ட் வரவில்லை.

காலைக் காப்பியோடு வாசலுக்கு வந்த வெண்டெல் அவர் வீட்டுப் பக்கம் இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்தான். மீன் பிடிக்கப் படகில் போவதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சன்னல் வழியே ஆட்ரி தெரிந்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவி, ஓரங்களை நறுக்கி, இரண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். ஒரு தட்டுதான். அப்பா எங்கே என்று வெண்டெல் கேட்டபோது, கடற்கரையில் இருக்கிறார் என்றாள். கடற்கரையில் அவர் இல்லை. அவருடைய பச்சை நிற வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பனி படிந்து கண்ணாடி மங்கிக் கிடந்தது. அவர் மீன்பிடிக் கம்பு வாசலில் சாய்ந்திருந்தது.

"எங்கயாவது நடக்கப் போயிருப்பாரு," என்றான் வெண்டெல். காப்பியைக் குடிக்காமல் கீழே ஊற்றினான்.

அன்று கடற்கரையில் நீலக் குடைகள் குறைந்திருந்தன. நடீன் எண்ணவில்லை, ஆனால் தெரிந்தது. நேற்றுவரை ஆள் சாய்ந்திருந்த நாற்காலிகளைக் குழந்தைகள் மடக்கி, இரண்டு இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் அடுக்கினார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஒரு பெரிய ஆளின் செருப்பு இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தது. விழுந்துவிடாமல், கவனமாக.

மத்தியானம் தூக்கம் வரவில்லை. இருந்தாலும் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கோரா சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை அம்மாவின் தோளில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். மெல்ல. ஒரே சீராக. தோள், முழங்கை, இடுப்பு, தொடை. நடீன் கண்ணைத் திறந்து, என்னடி செய்யற என்று கேட்டாள்.

"அசையாதம்மா," என்றாள் கோரா.

இரண்டு நாளில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

புதன்கிழமை நடீன் எண்ணினாள். கடற்கரையில் பெரியவர்கள் நான்கு பேர், அவளையும் வெண்டெலையும் சேர்த்து. குழந்தைகள் இருபத்து நான்கு. வீடுகளின் முன்னால் கார்கள் அப்படியே நின்றன, பின்னிருக்கைகளில் குழந்தைகளின் ஆசனங்களோடு. நம்பர் பலகைகளில் ஜார்ஜியா, கென்டக்கி, ஓஹையோ. ஒரு காரில் உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க யாரும் வரவில்லை. சமையலறைச் சன்னல்களில் சின்னத் தலைகள் நடமாடின. குப்பை ஒழுங்காக வெளியே வந்தது. துண்டுகள் ஒழுங்காகக் கொடியில் காய்ந்தன, எல்லாம் சின்னத் துண்டுகள்.

அலுவலகத்துக்குப் போனாள். கேட்க நினைத்ததை வாயில் எடுத்தபோது அதற்கு உருவமே இல்லாமல் போயிற்று. பெரியவர்கள் எல்லாம் எங்கே என்றுதான் கேட்க முடிந்தது. மிஸ் ஓப்பல் புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"ஓய்வெடுக்கறாங்க, கண்ணு. அதுக்குத்தானே வர்றாங்க."

"பிள்ளைங்களைத் தனியா விட்டுட்டா?"

"பிள்ளைங்க பாத்துக்கும்," என்றாள். பிறகு இவள் முகத்தைப் பரிவோடு பார்த்து, "நீங்களும் ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க," என்றாள்.

அன்று சாயங்காலம் போய்விடலாம் என்றாள் வெண்டெலிடம். சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். நீதானே அமைதி வேண்டும் என்றாய், இப்போது அமைதியும் பிடிக்கவில்லையா என்று அவன் கேட்டிருக்கலாம். எங்கே போனாலும் குறை சொல்கிறவள் என்று அவனுடைய அம்மா அவளைப் பற்றிச் சொல்வதுண்டு; அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்கே தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் வெண்டெல் கார்லண்டின் வாசலில் சாய்ந்திருந்த மீன்பிடிக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்றான். குழந்தைகளிடம் சொன்னார்கள். விடுமுறையில் மூன்று நாள் குறைகிறது என்றால் மேசி வீட்டை இரண்டாக்கியிருக்க வேண்டும்.

"சரிம்மா," என்றாள் மேசி. தங்கையின் தலைமுடியைத் தொடர்ந்து சீவினாள்.

வியாழக்கிழமை காலை வெயில் அடித்தது. பெட்டிகளைக் கட்டி காரில் ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் பெட்ரோல் முள் அடியில் கிடப்பதை நடீன் பார்த்தாள். பெட்ரோல் பங்க் பன்னிரண்டு மைல். எல்லோருமாகப் போய்ப் போட்டுக்கொண்டு அப்படியே போய்விடலாம் என்றாள். ஆனால் கோரா அப்பாவின் விரலைப் பிடித்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை மணலுக்குப் போகலாம், என்றாள் மேசி. ஐந்து நாளில் குழந்தைகள் கேட்ட ஒரே ஆசை.

"நீ போய்ப் போட்டுட்டு வா," என்றான் வெண்டெல். "முக்கால் மணி நேரம். அதுக்குள்ள இந்த மகாராணிகளுக்கு ஒரு கோட்டை கட்டிக் குடுத்துட்டு வாசல்ல நிக்கறேன். நீ ஹாரன் அடி, நான் ரெண்டையும் அக்குள்ல இடுக்கிட்டு ஓடி வர்றேன்."

சிரித்தான். நடீனும் சிரித்தாள். பலகைப் பாதையில் மூவரும் மணல்மேட்டைத் தாண்டி இறங்குவதைக் கார் கண்ணாடியில் பார்த்தாள். நடுவில் அவன், இரண்டு கையிலும் இரண்டு பேர்.

பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பும்போது மூடுபனி வந்தது. மார்ச்சில் அந்தக் கரையில் அது வழக்கம்தான். சூடான காற்று குளிர்ந்த தண்ணீர் மேல் ஏறினால் பட்டப்பகலிலேயே கடல் எழுந்து சாலைக்கு வந்துவிடும். முதலில் சாலையின் கோடு மங்கியது, பிறகு ஓரத்துப் பனைகள் ஒவ்வொன்றாக அழிந்தன, பிறகு காரின் மூக்கே தெரியவில்லை. ஈரச் சாக்கும் உப்பும் கலந்த வாடை சன்னல் இடுக்கில் நுழைந்தது. ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தாள். இருபது நிமிடம் ஆக வேண்டிய வழியில் நாற்பது நிமிடம் ஆகியும் பாதிகூட வரவில்லை. ஓரமாக நிறுத்தி வெண்டெலுக்குப் போன் செய்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது. குரல் வரவில்லை. அலை இழுத்துப் போகிற சத்தம். அதன் மேல் வேறொன்று.

தப். தப். தப்.

"வெண்டெல்?"

"அப்பாவால இப்ப போனைப் பிடிக்க முடியாதும்மா," என்றாள் மேசி. துண்டித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. வீடுகளின் மரக்கால்கள் பனிக்குள்ளிருந்து திடீரென்று எழுந்து வந்து நின்றன. ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். நீளமாக. அந்தச் சத்தம் பஞ்சுக்குள் போவது போலப் போய் அமுங்கியது. யாரும் வரவில்லை. கார்க் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினாள்.

குளத்தில் யாரும் இல்லை. எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. பலகைப் பாதை ஈரத்தில் வழுக்கியது. மணல்மேட்டின் புல் அவள் முழங்காலை உரசியது. அந்தப் பக்கம் இறங்கினாள். காலடியில் மணல் கிறீச்சிட்டது. அதைத் தவிர, முன்னால் எங்கோ, தப். தப். இடது பக்கமும். வலது பக்கமும்.

வெண்டெல் என்று கத்தினாள். தட்டும் சத்தம் நின்றது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில். அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

சத்தத்தை நோக்கி நடந்தாள். முதலில் சிவப்பு மண்வாரி தெரிந்தது. பிறகு மேசியின் மஞ்சள் சட்டை. பிறகு கோரா, மண்டியிட்டு, நாக்கின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மும்முரமாக.

அவர்களுக்கு நடுவில் வெண்டெலின் முகம்.

மணலில் புதைந்திருந்தான், தாடைவரை. அப்பாவை மணலில் புதைத்து விளையாடாத குழந்தை எந்தக் கடற்கரையிலும் கிடையாது. ஒரு நொடி அவளுக்கு உயிர் திரும்பி வந்தது, சிரிப்புக்கூட வரப் பார்த்தது. பைத்தியக்காரா, எழுந்திரு, போகலாம் என்றாள்.

அவன் புன்னகை செய்தான். எழுந்திருக்கவில்லை.

அலை வந்தது. குளிர்ந்து, நுரையோடு, அவன் தாடையைத் தொட்டு, வாய் மேல் ஏறி, மூக்கைத் தாண்டி, நெற்றி வரை மூடியது. போயிற்று. கோரா துண்டின் நுனியால் அவன் கண்களை ஒற்றினாள். அவன் இருமவில்லை. இமைத்தான். அதே புன்னகை.

நடீன் குப்புற விழுந்து தோண்டினாள். கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் செருகினாள். மணல் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. வாரி எறிந்தாள். தோளைத் தேடினாள். அவன் அகலமான தோள், எங்கே போய்விடும். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. இடது பக்கம் கையை விட்டுத் துழாவினாள். வலது பக்கம். தாடைக்கு அடியில்.

மணல்.

இன்னும் கீழே.

ஈரமான, குளிர்ந்த மணல். அதற்கு அடியிலும் மணல். அவன் தாடைக்குக் கீழே எதுவும் இல்லை.

"சத்தம் போடாத, நடீன்," என்றான் வெண்டெல். அவனுடைய குரலேதான். மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல. "பிள்ளைங்க வேலை செய்யறாங்க."

அவள் கத்திக்கொண்டிருந்தாள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

காற்று லேசாக அசைந்து பனி ஒரு ஆள் உயரத்துக்கு விலகியது. கரை தெரிந்தது. அலை வந்து தொடும் கோட்டில், சீரான இடைவெளியில், முகங்கள். தாடி வைத்தது. கண்ணாடி போட்டது. நரைத்த கொண்டை. அந்த வரிசையில் கார்லண்ட். ஒவ்வொரு முகத்தின் தலைமாட்டிலும் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது, மடியில் சின்னத் துண்டோடு. அலை வந்து எல்லா முகங்களையும் மூடியது. போயிற்று. எல்லாக் குழந்தைகளும் குனிந்து ஒற்றினார்கள். கண்கள் திறந்தன. எல்லாக் கண்களும் நடீனைப் பார்த்தன, பிரியமாக.

எழுந்து ஓட வேண்டும். கோராவை ஒரு கையில், மேசியை ஒரு கையில். கார் அங்கே இருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது.

எழுந்தாள். எழவில்லை.

தப். தப்.

சத்தம் இப்போது அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். மேசியும் ஆட்ரியும் பேர் தெரியாத இன்னும் இரண்டு குழந்தைகளும் அவள் இடுப்பு வரை மணலைக் குவித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவசரம் இல்லை அவர்களுக்கு. மேசி உதட்டைக் கடித்துக்கொண்டு, கணக்குப் பாடம் எழுதும் முகத்தோடு, ஓரங்களைச் சரி செய்தாள். நடீன் காலை உதறினாள். உதறுவதற்குக் கால் தட்டுப்படவில்லை. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் வலியோ பாரமோ இல்லை, ஒரு குளிர்ச்சி மட்டும் இருந்தது. அந்தக் குளிர்ச்சி மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

யாரோ அவளை மெதுவாக மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். சின்னக் கைகள். நிறையக் கைகள்.

கோரா எழுந்தாள். துண்டைப் பிழிந்து உதறினாள். அம்மாவின் தலைமாட்டில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த அலை வருகிறதா என்று கடலைப் பார்த்தாள்.